வழங்கல் வலையமைப்பில் ஒரு முடக்கம் எப்படிப் பரவுகிறது, அதை எதைக்கொண்டு தாங்குவது?

எங்கோ ஓர் ஆலையில் நேரும் தீவிபத்தோ வெள்ளமோ, அந்த ஆலையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத நிறுவனங்களை ஏன் முடக்குகிறது என்பதும், கையிருப்பைக் கூட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவது வழங்குநர் ஒருவரை வைத்துக்கொண்டால் அதைத் தவிர்க்க முடியாதா என்பதும் கேள்வி. கையிருப்பும் இரண்டாவது வழங்குநரும் தேவைதான். ஆனால் எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளுக்கு, எந்த நிபந்தனையோடு என்று தெரியாமல் செய்தால் அவை பணத்தை முடக்குமே தவிர, உற்பத்தி முடங்குவதைத் தடுக்காது. அறுந்த கண்ணி, அதாவது வலையில் முடங்கிய ஆலையோ வழங்குநரோ, மீள்வதற்கு ஆகும் காலம் ஒன்று. அது இல்லாமல் மற்றவர்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய காலம் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே பாதிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. வராமல்போன பொருளின் விலைக்கும் பாதிப்பின் அளவுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலையில், ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே தயாரானது பி-வால்வு என்று சுருக்கமாக அழைக்கப்படும் உதிரிபாகம். பிரேக்கை அழுத்தும்போது பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, வண்டி சறுக்காமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பாகத்தின் விலை, ஒரு காரின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. டொயோட்டா தனக்குத் தேவையான பி-வால்வுகளை ஏறத்தாழ முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்தே வாங்கிவந்தது. கார் ஆலைகளில் இருந்த இருப்போ சில மணி நேர உற்பத்திக்கே போதுமானது. அடுத்த வார வேலைநாட்களில், ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகளில் பெரும்பாலானவை நின்றுபோயின.

இந்த நிறுத்தம் இரண்டு திசைகளில் பாய்ந்தது. வால்வு இல்லாததால் கார் நின்றது என்பது கீழ்நோக்கிய பாய்ச்சல். அதை எவரும் எதிர்பார்ப்பார்கள். கார் நின்றதால், தம் அளவில் எந்தக் குறையும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்த இருக்கை, கண்ணாடி, டயர் ஆலைகளும் கைகட்டி நிற்க நேர்ந்தது மேல்நோக்கிய பாய்ச்சல். திட்டமிடுவோர் பலர் மறந்துவிடுவது இதைத்தான். பல்லாயிரம் பாகங்கள் சேர்ந்தால்தான் ஒரு கார் என்பதால், ஒன்று வராத நாளில் மற்ற அனைத்துமே வேண்டாப் பொருளாகிவிடுகின்றன. கீழ்நோக்கிப் போவது பொருள் தட்டுப்பாடு என்றால், மேல்நோக்கிப் போவது பணத் தட்டுப்பாடு. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் கணினி அமைப்புகள் தாக்கப்பட்டு, உற்பத்தி ஏறத்தாழ ஐந்து வாரம் நின்றபோது, முதலில் மூச்சுத் திணறியவை அதற்கு உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு நிறுவனங்களே. பிரிட்டிஷ் அரசு 1.5 பில்லியன் பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் தர முன்வந்தபோது சொன்ன காரணமும் அந்த வழங்குநர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். 2008இல் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர் ஆலன் முலாலி, தம் போட்டியாளர்களான ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் உதவும்படி அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாதாடியதை விசித்திரமாகப் பார்த்தவர்கள் உண்டு. அதில் விசித்திரம் எதுவும் இல்லை. மூன்று நிறுவனங்களுக்கும் பாகங்கள் கொடுத்தவர்கள் பெருமளவு ஒரே வழங்குநர்கள்தான் என்பதால், போட்டியாளர் வீழ்ந்தால் அந்த வழங்குநர்கள் வீழ்வார்கள், அவர்களோடு ஃபோர்டும் நின்றுபோகும்.

பொருளியலாளர்கள் நெடுங்காலம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாட்டில் எண்ணற்ற நிறுவனங்கள் இருப்பதால், ஒன்றுக்கு நேரும் இழப்பை இன்னொன்றின் ஆதாயம் ஈடுகட்டிவிடும், மொத்தக் கணக்கில் சராசரியே மிஞ்சும் என்ற வாதம் ராபர்ட் லூகாஸ் போன்றவர்களால் முன்வைக்கப்பட்டது. எல்லாக் கண்ணிகளும் ஏறக்குறைய ஒரே அளவு முக்கியமாக இருந்தால் அது சரிதான். ஒரு சில துறைகளிடமிருந்தே மற்ற எல்லாத் துறைகளும் வாங்கும் வலையில் அந்தச் சராசரிக் கணக்கு செல்லாது என்பதை டேரன் அசெமோக்லுவும் அவருடைய சகாக்களும் 2012இல் கணித முறையில் நிறுவினார்கள். வாஸ்கோ கார்வால்யோ உள்ளிட்டோர் 2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தின் தரவுகளை நிறுவனம் நிறுவனமாகப் பின்தொடர்ந்து, பாதிப்பு வாடிக்கையாளர்களுக்கும் வழங்குநர்களுக்கும், அவர்களைத் தாண்டி அடுத்தடுத்த படிகளுக்கும் சென்றதைக் காட்டினார்கள். இந்தப் பரவலின் விளைவாக மட்டுமே ஜப்பானின் அடுத்த ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ அரை சதவீதப் புள்ளி குறைந்தது என்பது அவர்களுடைய கணிப்பு.

அப்படியானால் எந்தக் கண்ணி அறுந்தால் ஆபத்து? மாற்று எளிதில் கிடைக்காத கண்ணி. அது பெரும்பாலும் கொள்முதல் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், விலை குறைவான இடத்தில் ஒளிந்திருக்கும். 2011இல் நிலநடுக்கம் தாக்கிய பகுதியில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஓனஹாமா ஆலை, கார் பெயின்டுக்கு மினுமினுப்பு தரும் சிராலிக் என்ற நிறமியை உலகிலேயே தனியொரு ஆலையாகத் தயாரித்துவந்தது. அது நின்றதும் அமெரிக்காவில் சில கார்களைக் குறிப்பிட்ட நிறங்களில் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவைத்தார்கள். 2021 இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, தொழிற்சாலை யூரியாவில் பெரும்பகுதியைச் சீனாவிடமிருந்தே வாங்கிய தென் கொரியாவில் டீசல் லாரிகள் ஓடுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த லாரிகளின் புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் கட்டாயம். ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிக் கரைசலை ஏற்றிவரும் நிலை வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் நடந்ததை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனெனில் எந்த வரைபடத்திலும் எளிதில் தென்படாத கண்ணி அது. இயற்கை எரிவாயுவின் விலை உயர்ந்ததால், சி.எஃப். நிறுவனம் தன் இரண்டு உர ஆலைகளையும் நிறுத்தியது. உரத்துக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும்போது கரியமில வாயு உபபொருளாகக் கிடைக்கும். அந்த இரண்டு ஆலைகள்தான் நாட்டின் வணிகக் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கோழி, பன்றி இறைச்சிக் கூடங்களில் விலங்குகளை மயக்கவும், இறைச்சிப் பொட்டலங்கள் கெடாமல் காக்கவும், குளிர்பானங்களில் நுரை சேர்க்கவும் அந்த வாயுவே வேண்டும். இறைச்சி விற்பவர் தன் வழங்குநர்களை எத்தனை முறை ஆய்வு செய்திருந்தாலும், எரிவாயுச் சந்தைக்கும் தனக்கும் நடுவே ஓர் உர ஆலை நிற்கிறது என்று கண்டுபிடித்திருப்பாரா என்பது சந்தேகமே. உபபொருள்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு: தட்டுப்பாடு வந்து விலை ஏறினாலும், முதன்மைப் பொருளில் நட்டம் என்றால் ஆலையைத் திறக்க மாட்டார்கள். சி.எஃப். ஆலைகளில் டீசைடில் இருந்த ஒன்றை மீண்டும் இயக்க, அரசே சில வாரங்களுக்குச் செலவை ஏற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழங்குநர் பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. ஒரு வழங்குநர் ஓர் ஆண்டில் முடங்குவதற்கான வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இருவரும் ஒரே சமயத்தில் முடங்கும் வாய்ப்பு 0.25 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டு நிம்மதி அடைவது வழக்கம். இருவரும் ஒரே மூலப்பொருளை ஒரே ஆலையிலிருந்து வாங்கினால், அந்த ஆலை முடங்கும் வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவும் அப்படியே நிற்கும். பெருக்கல் கணக்கு பொருந்தாது. 2011க்குப் பிறகு டொயோட்டா தன் வலையை ஆராய்ந்தபோது, மேலே செல்லச் செல்ல வழங்குநர்கள் விரிந்துகொண்டே போவார்கள் என்று எண்ணியதற்கு மாறாக, பல பாகங்களின் பாதைகள் இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு (வழங்குநரின் வழங்குநர், அவருக்கும் வழங்குபவர்) அப்பால் மீண்டும் ஒரே சில ஆலைகளில் குவிவதைக் கண்டது. இருவரும் உண்மையிலேயே தனித்தனியானவர்கள் என்றாலும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இருவருமே தத்தம் திறனில் 95 சதவீதத்தை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தால், ஒருவர் விழும்போது மற்றவர் தூக்கிவிடக்கூடியது 5 சதவீதம் மட்டுமே. உபரித் திறனுக்கு விலை கொடுக்காத இரண்டாவது ஒப்பந்தம் வெறும் காகிதம்.

இதுவரை சொன்னவை பௌதிகமான முடக்கங்கள். அவற்றுக்கு மக்களும் நிறுவனங்களும் காட்டும் எதிர்வினை தனியொரு முடக்கமாகிறது. பல சமயங்களில் மூல விபத்தைவிடப் பெரியதாகவும் ஆகிறது. ஜே ஃபாரெஸ்டர் 1950களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் ஆராய்ந்த இந்த நிகழ்வு, சாட்டையின் வீச்சைப் போலப் படிக்குப் படி பெருகுவதால் புல்விப் (சாட்டை) விளைவு என்று துறையில் அழைக்கப்படுகிறது. சிறு கணக்கு ஒன்றைப் போட்டால் அது புரியும். சில்லறை வியாபாரி வாரம் 100 பெட்டி விற்கிறார். இரண்டு வார விற்பனைக்குச் சமமான 200 பெட்டிகளை இருப்பில் வைத்திருக்கிறார். மொத்த வியாபாரியும் ஆலையும் அதே விதியைப் பின்பற்றுகிறார்கள். ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. வியாபாரி தன் இருப்பை 220 ஆக்க விரும்பி, விற்ற 110க்கும் கூடுதல் 20க்குமாக 130 பெட்டி ஆர்டர் செய்கிறார். மொத்த வியாபாரியின் கண்ணில் விற்பனை 130. அவர் இருப்பு 260 ஆக வேண்டும் என்பதால் ஆர்டர் 190. ஆலையின் கண்ணில் விற்பனை 190. அதன் இருப்பு 380 ஆக வேண்டும் என்பதால், மூலப்பொருள் வழங்குநருக்குப் போகும் ஆர்டர் 370. அடுத்த வாரமும் கடையில் 110 பெட்டியே விற்றால், வியாபாரி 110 கேட்பார், மொத்த வியாபாரி 70 கேட்பார், ஆலை ஒன்றுமே கேட்காது. பத்து சதவீத ஏற்றம் மூன்று படி தாண்டியதும் ஒரு வாரம் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் மறுவாரம் பூஜ்யமாகவும் மாறுகிறது. இதில் யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2020 வசந்த காலத்தில் கார் நிறுவனங்கள் விற்பனை சரியும் என்று எண்ணிச் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன; சிப் ஆலைகள் அந்தத் திறனைக் கணினிக்கும் கைபேசிக்கும் ஒதுக்கின; ஆண்டு முடிவில் கார்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்றபோது, கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நின்றன. சிப் தயாரிப்பு மாதக் கணக்கில் நீளும் வேலை என்பதால் கிடைக்கிற வரை கிடைக்கட்டும் என்று தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்தவர்கள் ஏராளம். 2022இன் பிற்பகுதியில் நினைவகச் சிப்கள் தேங்கிக் கிடந்தன. 2007-08இல் அரிசிக்கு நடந்தது இன்னும் தெளிவான சான்று. உலக விளைச்சல் நன்றாகவே இருந்த நேரத்தில், இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின, பிலிப்பைன்ஸ் பதறிப்போய்ப் பெருமளவில் கொள்முதலில் இறங்கியது. சில மாதங்களில் சர்வதேச விலை ஏறத்தாழ மூன்று மடங்காகி, டன்னுக்கு 1,000 டாலரைத் தொட்டது. ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது சேர்ந்து எல்லோருக்குமான தட்டுப்பாடாயிற்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் அல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் ஏற்பட்ட சிறு தீக்குப் பிறகு நோக்கியா விரைந்து செயல்பட்டுத் தப்பியதையும், எரிக்சன் தாமதித்துப் பெரும் நட்டம் அடைந்ததையும் மேலாண்மை வகுப்புகளில் சலிக்கச் சலிக்கச் சொல்வார்கள். மீதமிருந்த திறனை நோக்கியா முதலில் கைப்பற்றியதால்தான் எரிக்சனுக்கு எதுவும் மிஞ்சவில்லை என்பதை ஏனோ அந்தப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை.

இனி தாங்குவது பற்றி. டேவிட் சிம்ச்சி-லெவியும் சகாக்களும் ஃபோர்டு நிறுவனத்துக்காக உருவாக்கிய அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் எந்த விபத்து எப்போது வரும் என்று ஊகிக்கும் வீண்வேலையை அது கைவிடுகிறது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இந்த இடம் நின்றால் மீண்டும் முழுமையாக இயங்க எத்தனை வாரம் ஆகும்? அது இல்லாமல் நாம் எத்தனை வாரம் ஓடலாம்? முதல் எண் 10, இரண்டாவது 3 என்றால், இடைவெளி 7 வாரம். அந்த 7 வார விற்பனைதான் அந்த வழங்குநரின் உண்மையான எடை, அவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்பது அல்ல. இப்படி வரிசைப்படுத்தினால், மிகக் குறைவாகச் செலவிடப்படும் பாகங்கள் பல பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், விலை குறைந்த பாகத்தைப் பத்து வாரத்துக்கு வாங்கி வைப்பது பெரிய செலவல்ல. எல்லாப் பொருளிலும் இரண்டு வாரம் கூடுதலாக வைப்பதைவிட, இருபது பொருளில் மட்டும் பத்து வாரம் வைப்பது மலிவு, பயனும் அதிகம். மீளும் காலத்தை வழங்குநரிடமே கேட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வார். இயந்திரம் யாரிடமிருந்து வரும், அச்சுகளின் நகல் எங்கே இருக்கிறது, தரச் சோதனைக்கு எத்தனை நாள் என்று துருவிக் கேட்டால்தான் உண்மையான எண் வெளிவரும்.

கையிருப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கும் டொயோட்டாவே சான்று. 2011க்குப் பிறகு, சிப் கிடைக்க ஆகும் காலத்தைப் பொறுத்து, வழங்குநர்களே சில மாத இருப்பை வைத்திருக்கும்படி அது ஏற்பாடு செய்தது. இருப்பே கூடாது என்ற கொள்கையின் தாயகமாக அறியப்பட்ட நிறுவனம் இதைச் செய்தது கவனிக்கத்தக்கது. 2021இன் முதல் பாதியில் போட்டியாளர்கள் ஆலைகளை மூடியபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி அங்கிருந்த ஆலைகள் நின்றபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டமிட்ட உற்பத்தியில் 40 சதவீதத்தை அதுவும் வெட்ட நேர்ந்தது. இருப்பு நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் வேறொரு வழி தயாராகவில்லை என்றால், முடக்கம் தள்ளிப்போகுமே தவிர நீங்காது.

வேறொரு வழியை விரைவில் தயாராக்கும் ஆற்றல் எப்படியிருக்கும் என்பதற்கு ஐசின் தீவிபத்தின் மறுபாதியைச் சொல்ல வேண்டும். தீ அணைந்த சில மணி நேரத்திலேயே ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. பி-வால்வு செய்ததே இல்லாத அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அவற்றில் தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன பிரதரும் ஒன்று, தங்களிடம் இருந்த பொதுப்பயன் இயந்திரங்களைக் கொண்டு வால்வுகளுக்குத் துளையிடத் தொடங்கின. அவற்றுக்குக் கருவியும் வார்ப்பும் கொடுத்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இருநூறு. நான்காம் நாளே முதல் வால்வுகள் வந்துவிட்டன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் டொயோட்டா இயல்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விலை பேசாமல், ஒப்பந்தம் எழுதாமல் வேலை தொடங்கியது. செலவு பின்னால் ஈடுசெய்யப்பட்டது. பல்லாண்டு உறவு இல்லாத இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இதிலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி ஒன்று உண்டு: வரைபடங்கள் பூட்டிக் கிடக்கவில்லை, சோதித்து ஏற்பதற்கான அதிகாரம் களத்திலேயே இருந்தது. 2012 மார்ச்சில் ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து, எரிபொருள் குழாய்களுக்கும் பிரேக் குழாய்களுக்கும் வேண்டிய பி.ஏ.12 நைலானுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மிச்சிகனில் கூடிய கார்த் துறையினர் விவாதித்ததில் முக்கியமானது இதுவே. மாற்று நைலான் வகைகள் இருந்தன. அவற்றைச் சோதித்து அங்கீகரிக்கும் நடைமுறைதான் காலத்தை விழுங்கியது. அமைதியான காலத்திலேயே மாற்றுப் பொருளைச் சோதித்து அங்கீகரித்து வைப்பது, கிடங்கில் ஒரு மூட்டைகூடச் சேர்க்காமல் மீளும் காலத்தைக் குறைக்கிறது.

இவையெல்லாம் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், பெரும்பாலும் அதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியதும், பாக்ஸ்டர் ஆலைகளிலிருந்து வந்த உப்புநீர்ப் பைகளுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் தட்டுப்பாடு வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் வட கரோலினாவில் அதே நிறுவனத்தின் வேறோர் ஆலையை மூழ்கடித்தபோது, நாட்டின் நரம்புவழித் திரவத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிவைத்தன. உப்புநீர்ப் பையை யார் விலை குறைத்துக் கேட்கிறாரோ அவரிடமே வாங்கும் சந்தையில், இன்னொரு ஆலையைப் பாதி ஓட்டத்தில் வைத்திருப்பவர் ஏலத்தில் தோற்பார். அவர் தாங்கும் செலவின் பலன் மற்ற எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. அதனால்தான் தனி நிறுவனத்தின் கணக்கில் அது எப்போதும் வீண்செலவாகத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் உபரித் திறனுக்குத் தனியாகக் கட்டணம், இரண்டு இடங்களில் தயாரிப்பவருக்குக் கொள்முதலில் முன்னுரிமை, தாமதத்துக்கு உண்மையான அபராதம் ஆகியவை இல்லாமல், வழங்குநரிடம் மீள்திறனைக் கோருவது வெறும் வேண்டுகோள்.

சில கண்ணிகளில் இடைவெளியை வாரங்களில் அளக்கவே முடியாது. உலகின் மிக முன்னேறிய சிப்களில் பெரும்பாலானவை தைவானில் தயாராகின்றன. அங்கேயே முதலிடத்தில் இருக்கும் டி.எஸ்.எம்.சி. அரிசோனாவில் ஆலை அமைக்கப்போவதாக 2020இல் அறிவித்தது. முழு அளவிலான உற்பத்தி 2024இன் கடைசிக் காலாண்டில்தான் தொடங்கியது. இத்தனைக்கும் பணத்துக்கோ அரசு ஆதரவுக்கோ குறைவில்லை. நான்கு ஆண்டுக்கு ஈடுகொடுக்கும் கையிருப்பு எந்த நிறுவனத்திடமும் இருக்க முடியாது; அப்படிப்பட்ட கண்ணிகளுக்கு அரசுகள் செலவிட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் முடக்கம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே. ஆலை ஒன்றைக் கட்டுவதால் மட்டும் கண்ணி இரட்டிப்பாகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அரிசோனாவில் உற்பத்தி தொடங்கிய பிறகும், செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களின் மேம்பட்ட பேக்கேஜிங் வேலைக்கு, அதாவது சிப்களை இணைத்து ஒரே உறைக்குள் பொருத்தும் கடைசிக் கட்டத்துக்கு, அவற்றைத் தைவானுக்கே அனுப்ப வேண்டியிருந்தது.